தூக்காத மூட்டை

“இன்னிக்கு நீ ஒரு மூட்டையையும் தொடக் கூடாது. தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்” என்றார் மேஸ்திரி.

காளை தலையாட்டினான். அந்தச் சிமெண்ட் கிடங்கில் மேஸ்திரியோடு சேர்த்து லோடுமேன்கள் ஆறு பேர். ஒரு காலத்தில் முதுகில் இரண்டு மூட்டையை அடுக்கிக்கொண்டு ஓடியவன் என்பதால் இவனுக்கு அந்தப் பெயர். இப்போது வெறுங்கையோடு நடந்தாலே முழங்கால் நடுங்குகிறது.

மூளைக்கு அடியில் இருக்கிற ஏதோ ஒரு சுரப்பி வேலையை நிறுத்திவிட்டதாம். உடம்பில் டெஸ்டோஸ்டீரோன் என்கிற ஆண் ஹார்மோன் ஊறுவதே இல்லை. எலும்பு உளுத்துக்கொண்டே போகிறது; போன மாதம் பலமாகத் தும்மியதில் விலா எலும்பில் விரிசல். காலம் பூராவும் ஊசி போடணும் என்றார் டாக்டர். கூலிக்காரன் கைக்காசில் நடக்கிற காரியமா அது?

கம்பெனி எடுத்துக் கொடுத்த இன்சூரன்ஸ் இருந்தது, வேலையில் இருக்கும் வரைக்கும். ‘ஆண்மைக் குறைவுக்கெல்லாம் பணம் கிடையாது’ என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார்கள். காலையில் ரத்தம் எடுத்து, இன்னொரு நாள் காலையிலும் எடுத்து, டாக்டர் மறுபடி எழுதிப் போட்டார். ‘மூட்டை தூக்குகிறவருக்கு என்ன பலவீனம்? எங்கள் ஆள் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும்’ என்று பதில் வந்தது. இன்றைக்குத்தான் வருகிறார்.

“சார் கேட்டா எல்லாத்தையும் கொட்டிடு. ரோஷம் கீஷம்னு முழுங்கிடாதே.”

“இத்தனை பேர் முன்னாலயா அண்ணே?”

“எங்களுக்குத் தெரியாததை என்னத்தடா சொல்லப்போறே?”

“ஊசி போட்டதும் கொம்பு முளைச்சா, முதல்ல என்னைத்தான் முட்டுவான் பாருங்க” என்றான் கூட மூட்டை தூக்கும் நெட்டையன். எல்லோரும் சிரித்தார்கள். காளை மட்டும் கிடங்கு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டையை உள்ளே விட்டு, கக்கத்தில் ஃபைலோடு ஒருவர் சிமெண்ட் தூசியில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். மேஸ்திரி ஓடிப்போய் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்.”

“எனக்காகவா?” வந்தவரின் புருவம் உயர்ந்தது. பிறகு உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். “நல்லதாப் போச்சு, சொல்லுங்க.”

“இவன்தான் சார் காளை. பேருதான் காளை. உடம்புல ஒண்ணுமே இல்ல.”

காளை ரத்தப் பரிசோதனைக் காகிதங்களை நீட்டினான். அவர் கை நீளவில்லை.

“அது கிடக்கட்டும். இவர் வேலை எப்படி? அதைச் சொல்லுங்க.”

“வேலையா? இவன் ஒழுங்கா ஒரு மூட்டை சுமந்து வருஷமாச்சு சார். இவன் முறை வந்தா எங்கள்ல ஒருத்தர் எடுத்துக்குவோம். சூப்பர்வைசர் தலை தெரிஞ்சா மட்டும் ஒண்ணை முதுகுல வெச்சு விடுவோம்.”

“பின்னால மூட்டைக்கு முட்டுக் கொடுத்துக்கிட்டே போறது நான் சார். அவரு கண்ணுக்கு இவன் தூக்கற மாதிரி இருக்கும்” என்றான் நெட்டையன்.

“அப்போ லாரி இறக்கத் தாமதமாகுமே?”

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. “என்ன சார் இப்படிக் கேட்டுட்டீங்க? ஒரு லாரி தேங்கியிருக்கான்னு கேட்லயே கேட்டுப் பாருங்க. நாங்க செத்தாலும் வேலை நிக்காது.”

அவர் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு பேனா முனையைக் காளையின் பக்கம் திருப்பினார்.

“நீங்க சொல்லுங்க. நிஜமாவே முடியலையா, இல்ல இவங்க உங்களுக்காகச் சொல்றாங்களா?”

காளை கையிலிருந்த காகிதங்களை மடித்தான். கிளம்பும்போது வீட்டுக்காரி சட்டையைப் பிடித்து நிறுத்திச் சொல்லியிருந்தாள். ‘இன்னிக்கு ஒரு நாள் வெட்கப்படாதீங்க. நாளைக்கு எலும்பு நொறுங்கிப் படுத்தா உங்களை யாரு அள்ளிக்கிட்டுத் திரியறது?’

ஐந்து பேரும் அவன் வாயையே பார்த்தார்கள். தன்னால் முடியவில்லை என்று அவன் ஒரு நாளும் தன் வாயால் சொன்னதில்லை. டாக்டரிடம்கூட அவள்தான் சொன்னாள்.

“முடியல சார்” என்றான். குரல் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. “வீட்ல தண்ணி வாளியைக்கூட அவதான் தூக்கறா. இங்க இவங்க இல்லேன்னா நான் என்னைக்கோ சாய்ஞ்சிருப்பேன். நான் வந்து நிக்கறதோட சரி. வேலை பாக்கறது இவங்கதான்.”

நெட்டையன் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சினான். மேஸ்திரி காளையின் தோளைப் பிடித்து அழுத்தினார். “அவ்வளவுதான்டா. முடிஞ்சுது.”

வந்தவர் எழுதியதற்குக் கீழே ஒரு கோடு இழுத்து ஃபைலை மூடினார். அந்த நேரம் பார்த்துக் காளையின் போன் அடித்தது. எடுத்தான். ஒரு பெண்ணின் குரல்.

“சார், இன்சூரன்ஸ்ல இருந்து வந்திருக்கேன். கேட்ல உள்ள விட மாட்டேங்கறாங்க. கொஞ்சம் வந்து கூட்டிட்டுப் போறீங்களா?”

போனை இறக்கிய காளை எதிரில் இருந்தவரைப் பார்த்தான். “அப்போ… நீங்க?”

“கம்பெனி ஹெட் ஆபீஸ்” என்றபடி எழுந்தவர், பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு மேஸ்திரியிடம் திரும்பினார்.

“நாளையிலேருந்து அஞ்சு பேர் வந்தா போதும்.”