தராசின் முள்

உத்தரத்தில் தொங்கிய அங்கன்வாடித் தராசில் பிள்ளையை உட்கார வைக்கும் முன், முத்தரசி அவன் கொலுசைக் கழற்றினாள். பிறகு சட்டையை, அரைஞாண் கயிற்றை. எடை குறைந்த பிள்ளைக்கு மட்டும்தான் சத்துமாவு இரண்டு பொட்டலம். அப்படியும் முள் போன மாதத்தைவிட அரைக் கிலோ கூடுதலாகக் காட்டியது.

“தேறிட்டானேம்மா,” என்றார் ரெஜினா டீச்சர்.

முத்தரசி சிரிக்கவில்லை. “பெரியவளும் அந்த மாவுலதான் பசியாறுறா டீச்சர். நானுந்தான்.”

டீச்சர் தராசின் துணித்தொட்டிலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, பிள்ளையை மெல்ல ஏந்தினார். முள் பின்வாங்கியது. கூச்சம் தாங்காமல் பிள்ளை சிரித்தான். முள்ளும் சேர்ந்து ஆடியது.

“கொஞ்சம் ஆடாம இருடா கண்ணு,” என்றார் டீச்சர். “அம்மா பாத்துச் சொல்லட்டும்.”