மாடியில துணி இருக்கு

“இதுல தப்பே இல்லையேம்மா,” என்றார் பெரியவர், ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தபடி.

பாட்டுக்கடைக்காரி திரும்பி அவரைப் பார்த்தாள். தப்பு இருக்கிறது என்று சண்டைக்கு வந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தப்பு இல்லை என்று குறைப்பட்டுக்கொண்ட முதல் ஆள் இவர்தான்.

“தப்பு இல்லேன்னா நல்லதுதானே சார்?”

“என் வீட்டுக்காரி பாடினா ரெண்டாவது வரியில கொஞ்சம் தப்பும். அந்தத் தப்புதான்மா எனக்கு வேணும்.”

அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை. ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், கைப்பிடி உடைந்த ஒரு நாற்காலி. வாசலில் ‘உங்கள் அன்பானவருக்கு ஒரு பாட்டு’ என்று போர்டு. திறந்த நாளிலிருந்து படியேறி வந்தவர்கள் எல்லோரும் யாரையோ பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள்தான். பாடுவது மெஷின், எப்படிப் பாட வேண்டும் என்று அதற்கு எழுதிக் கொடுப்பது இவள் வேலை. ‘மெதுவான தாளம், தனிப் பியானோ, பின்னால் லேசாக வயலின், நடுத்தர வயதுப் பெண் குரல்’ என்று தட்டிவிட்டால் போதும். எப்பேர்ப்பட்ட கல்நெஞ்சுக்காரரும் மூன்றாவது வரியில் கைக்குட்டையைத் தேடுவார்.

இவர் தேடவில்லை.

இவர் கொண்டுவந்த பாட்டும் வழக்கமான பாட்டு இல்லை. மழை இருட்டிக்கொண்டு வரும்போது துணி எடுக்க ஓடிக்கொண்டே அவர் மனைவி தானாகக் கட்டிப் பாடியது. ‘மழை வருது மழை வருது, மாடியில துணி இருக்கு.’ மொத்தப் பாட்டே அவ்வளவுதான். மெட்டைப் பெரியவர் முனகிக் காட்டியிருந்தார். அவர் குரல் நன்றாகவே இருந்தது. ஆனால், ‘துணி இருக்கு’ வந்ததும், “இந்த இடந்தான். என் வாயில வந்தா நேராயிடுதும்மா,” என்று கையை விரித்துவிட்டார்.

“முதல்ல அந்த பியானோவை எடுத்துடும்மா,” என்றார் இப்போது. “எங்க வீட்டுல பியானோ எல்லாம் கிடையாது.”

“வயலின்?”

“வயலினும் வேணாம். அழுவுது.”

“அழணும்னுதானே சார் எல்லாரும் கேக்கறாங்க.”

“அவ அழறவ இல்ல.”

இரண்டையும் எடுத்தாள். ‘இரண்டாவது வரியில் சுருதி விலக வேண்டும்’ என்று எழுதினாள். மெஷின் அந்த இடத்தில் குரலை அழகாக வளைத்து, குழைத்து, சரியான இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

“துணி எடுக்கப் போறவளுக்கு நகை போட்டு அனுப்பிட்டாங்க,” என்றார் பெரியவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

‘பாடத் தெரியாத பெண்’ என்று எழுதிப் பார்த்தாள். மெஷின் ஒரு குழந்தையைப் பாடவிட்டது.

“இது எங்க பேத்தி வயசு.”

அடுத்ததில் இருமல் வந்தது. அதற்கடுத்ததில் கச்சேரி. எதைச் சொன்னாலும் கடைசியில் சுருதி சேர்ந்துவிடுகிறது. அவள் அலுத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தாள். “இதுக்குத் தப்பா பாட வராது சார். திருத்திக்கிட்டேதான் இருக்கும். நாளைக்கு வாங்களேன், வேற ஏதாவது வழி பாக்கறேன்.”

“இன்னிக்கே வேணும்மா. இன்னிக்கு விட்டா அப்புறம் எனக்குத் தைரியம் வராது.”

அந்தக் குரலில் இருந்த தவிப்பு அவளைத் திரும்பவும் நிமிர வைத்தது. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“பாட்டை விடுங்க சார். அவங்களைச் சொல்லுங்க. பாடறப்போ எப்படி இருப்பாங்க?”

பெரியவர் யோசித்தார். “வாயில ஒரு கிளிப் இருக்கும். தோள்ல பாதித் துணி, கையில மீதி. படியில மூச்சு வாங்கும். யாரோ கேக்கறாங்கன்னே அவளுக்கு நெனப்பு இருக்காது. எட்டாத இடத்துக்கு எட்டிப் பாப்பா, வழுக்கி விழுவா, விழுந்துட்டுத் தானே சிரிச்சுக்குவா.”

அவள் தாளம், வாத்தியம் எல்லாவற்றையும் அழித்தாள். அவர் சொன்னதை அப்படியே எழுதினாள். ‘யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பாடும் பெண்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்.

ஸ்பீக்கரில் முதலில் மூச்சிரைப்பு கேட்டது. பிறகு குரல். ‘மழை வருது மழை வருது...’ இரண்டாவது வரியில் மேலே ஏறப் பார்த்து, எட்டாமல், பக்கத்தில் எங்கோ சறுக்கி விழுந்தது. ஒரு சின்னச் சிரிப்பு.

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னொரு தடவை போடும்மா.”

நான்கு தடவை போட்டாள். நான்காவது தடவை அவர் பையில் கைக்குட்டையைத் தேடினார். அவள் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, மெதுவாகக் கேட்டாள்:

“பாட்டோட சேர்த்து அவங்க படமும் தேதியும் போட்டுத் தர்றது வழக்கம் சார். எப்போ தவறினாங்க?”

“ஐயையோ,” என்று பதறி எழுந்தார் பெரியவர். “அவ நல்லா இருக்காம்மா, வீட்டுலதான் இருக்கா.”

பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “நான் முப்பது வருஷமா பாட்டு வாத்தியார்மா. ‘அந்த இடத்துல சுருதி விலகுது, கவனி’ன்னு ஒரே ஒரு நாள் அவளைத் திருத்தினேன். அன்னிலேருந்து பதினோரு வருஷமா, எவ்வளவு மழை வந்தாலும் சத்தமில்லாமதான் படியேறிப் போறா.”