உப்பளத்துக் கை

மகளின் செய்முறை வகுப்புக்குச் சேர்மக்கனி கட்ட வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். கட்டாவிட்டால் செல்வசுதா பரீட்சை எழுத முடியாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வெங்காயத்தோலே கிடைக்காத காலம் என்பதால், பாக்கிக்காரர்கள் பணத்துக்குப் பதிலாகக் கையிலேயே இலைத்தோல் வளர்த்துத் தரலாம் என்றது பள்ளிக்கூடம். இரண்டு மாதமாக அது அவர் முன்கையில் பச்சையாகப் படர்ந்தது, அழுகிய கீரையாக நாறியது. அந்தக் கையால் சோற்றைத் தொட்டாலே அவருக்குக் குமட்டும்.

உப்பளத்திலிருந்து நேராக வகுப்புக்கு வந்து கையை நீட்டினார். ஆசிரியை மூக்கைப் பொத்திக்கொண்டு இடுக்கியால் உரித்து, நுண்ணோக்கியில் வைத்தார்.

"என்ன அண்ணாச்சி, செல்லெல்லாம் சுருங்கிக் கெடக்கு? நாங்க இன்னும் உப்புத்தண்ணியே ஊத்தலையே!"

"அளத்துல எறங்காம கஞ்சி குடிக்க முடியுமா டீச்சர்? நல்ல தண்ணி ஊத்துங்க, விரியும்."

ஊற்றினார்கள். விரியவில்லை.

"அப்போ பாக்கி?" என்றார் சேர்மக்கனி.

"பயப்படாதீங்க, இதுவும் பாடந்தான். பிள்ளைங்களா, செத்த செல்லு இப்படித்தான் இருக்கும். வரைஞ்சுக்கோங்க."

"உவ்வே" என்றபடி பிள்ளைகள் முண்டியடித்தார்கள். செல்வசுதாவும் அப்பாவைப் பார்க்காமல் பென்சிலைச் சீவினாள்.

பாக்கிக் கணக்கில் இருந்த ஆறாயிரத்து நானூற்றைம்பதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, ஆசிரியை சோப்புப் போட்டுக் கைகழுவினார்.