சங்கத்தின் குழுப் படம்

கேமராவை முக்காலியில் பொருத்தினாள்.

ஆண்டுக் கூட்டம் இப்போதுதான் முடிந்திருந்தது. மண்டபத்துப் படிகளில் ஊரின் போட்டோகிராபர்கள் எல்லோரும் வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தின் செயலாளர் அவள். தீர்மானத்தைக் கொண்டுவந்தவளும் அவள்தான்.

ஸ்டூடியோ வைத்திருந்தால்தான் உறுப்பினர் என்ற விதி இனி வேண்டாம். செல்போனில் படமெடுத்துப் பிழைப்பவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.

திரவியம் அண்ணாச்சி கொதித்துப்போனார். சங்கத்தை ஆரம்பித்தவர். நம் கல்யாணங்களைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு நாமே நாற்காலி போடுவதா என்று கேட்டார். பலத்த கைதட்டல்.

அவள் குரலை உயர்த்தவில்லை. நம் கடைகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்றாள். வெளிச்சம் பார்க்க நாம் சொல்லிக்கொடுப்போம், ரீல்ஸ் எடுக்க அவர்களிடம் கற்றுக்கொள்வோம் என்றாள்.

நூலிழையில் நிறைவேறியது.

அண்ணாச்சி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தாள்.

போகவில்லை. நடுவரிசையில் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு நின்றார்.

முதல் புது உறுப்பினர் ரிஸ்வானா. வீடு வீடாகப் போய்ப் பச்சைக் குழந்தைகளைப் போனில் படமெடுப்பவள். படியேறக் கூச்சப்பட்டு ஓரமாக நின்றவள், மெல்ல முக்காலியருகே வந்தாள்.

"அக்கா, நீங்க போய் நில்லுங்க. நான் எடுக்கேன்."

வருடா வருடம் இந்தப் படத்தை எடுப்பது செயலாளரான அவள்தான். எந்த வருடத்துப் படத்திலும் அவள் இல்லை. யாருக்கும் அது உறைத்ததில்லை. அவளுக்கும்தான்.

போய் நின்றாள்.

கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார். மாலை வெயில் முகத்தில் பட்டது. சுகமாக இருந்தது.

ரிஸ்வானா கேமராவைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து தன் போனை எடுத்தாள்.

படிகளில் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள்.

ரிஸ்வானா குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். இடப்பக்கம் நகர்ந்து நின்றாள். வெயில் கண்ணில் அடிக்கிறது, எல்லோரும் கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள் என்றாள்.

அத்தனை போட்டோகிராபர்களும் திரும்பினார்கள்.

எடுத்தாள்.

வரிசை கலையத் தொடங்கியது. உள்ளே காபி தயாராக இருந்தது.

அண்ணாச்சி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

"இன்னொண்ணு எடு தாயி. நான் கண்ண மூடிட்டேன்."