நடுவில் நின்ற பீரோ

பீரோவை நகர்த்தலாம் என்று முதலில் சொன்னது யார் என்பது எனக்கு நிச்சயமில்லை. கேட்டால் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளியதும், அது கூடத்தின் நடுவிலேயே நின்றுவிட்டதும் மட்டும் நிஜம்.

"இதுக்கே மூச்சு வாங்குதா? நான் தனியாவே தள்ளிடுவேன்" என்று சொல்லிவிட்டு டீச்சர் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பஸ் டிரைவரான அவர் புருஷன், கீழே விழுந்த மூக்குக் கண்ணாடியை எடுக்கக் குனிந்தார். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. இடுப்பில் ஆணி இறங்கியதுபோல் இருந்தது. சுவரைப் பிடித்துச் சரிந்து தரையில் மல்லாந்தார்.

"இடுப்பு பிடிச்சிக்கிச்சு! கொஞ்சம் வாயேன்!"

"அசையாதீங்க. மூச்ச மெதுவா விடுங்க." வகுப்பில் கேட்கும் அதே குரல்.

"பாடம் எடுக்காத. தைலத்தக் கொண்டா."

"தைலம் தீந்துபோச்சு."

"நேத்துதானே வாங்கிட்டு வந்தேன்!"

"தீந்துபோச்சுன்னா தீந்துபோச்சு. காலத் தூக்கி ஏதாவது மேல வெச்சிக்குங்க. வலி மட்டுப்படும்."

"ஸ்டூல் எங்க?"

"ஸ்டூல் மட்டும் கேக்காதீங்க."

டிரைவர் பல்லைக் கடித்தார். உள்ளே டீச்சரின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அதைக்கூட எடுக்காத அளவுக்கு வீம்பு.

அவர் விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தார். அவளுக்கு ஒரு தலைவலி என்றால், டூட்டியை மாற்றிக்கொண்டு ஓடி வந்த நாட்கள் எத்தனை? இன்று கூப்பிடு தூரத்தில் அவர் கிடக்கிறார். எட்டிப் பார்க்க அவளுக்கு மனசில்லை. இடுப்பைவிட அதுதான் அதிகம் வலித்தது.

"நான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இந்த வீட்ல எனக்குன்னு யாரும் இல்ல!"

"மொதல்ல எந்திரிச்சுக் காட்டுங்க."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்தது. போவதுதான் போகிறோம், முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போவோம் என்று முடிவெடுத்தார். முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்து, பீரோவைச் சுற்றிக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தவழ்ந்தார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார்.

உள்ளறைக் கதவைத் தலையாலேயே முட்டித் திறந்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள், தரையோடு தரையாக, அந்தக் குரல் முந்திக்கொண்டது.

"வந்துட்டீங்களா? வாங்க, ஸ்டூல்ல இன்னும் ரெண்டு காலுக்கு இடமிருக்கு."