பெரிய எழுத்து

தொழுகையின் கடைசி அத்தஹிய்யாத் இருப்பில் றிபாத்தின் இடது மணிக்கட்டு அதிர்ந்தது.

கை முழங்காலருகே விரிந்து கிடந்தது. அதில் கட்டியிருந்த ஸ்மார்ட் வாட்ச் பளீரென்று வெளிச்சமானது.

தொழுகையில் பார்வை சுட்டுவிரலை விட்டு அகலக்கூடாது. பாழாய்ப்போன கண் கேட்டால்தானே.

'வாப்பாக்கு கென்சர்தான். அவருக்குச் சொல்லிராதீங்க.'

அனுப்பியவள் மனைவி இன்ஷிரா. ரிப்போட் எடுப்பதற்காகக் கல்முனை ஆஸ்பத்திரியில் நிற்கிறாள். யாருக்குச் சொல்லக்கூடாது என்றாளோ அந்த வாப்பா, றிபாத்தின் மாமனார் ஷரிபுதீன், இதோ இடப்பக்கம் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறார். அவள் வருவதற்குள் பகல் தொழுகை லுஹரைத் தொழுதுவிடுவோம் என்று மருமகனைப் பள்ளிவாசலுக்குக் கூட்டி வந்தவரே அவர்தான்.

கேள்விப்பட்டால் மனிதர் அன்றைக்கே படுத்துவிடுவார், பிறகு எழும்பமாட்டார் என்று இன்ஷிரா பயந்தாள். றிபாத்துக்கும் அதே பயம்தான்.

வாட்ச் வாங்கிய புதிதில் மாமா அதைப் பரிகசித்துத் தீர்த்தார். நாவிதன்வெளி வயல் வெயிலில் திரை கறுத்துக் கிடக்கும். நிழலுக்குக் கொண்டுவந்தால் எழுத்து எள்ளளவு. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் அதுவும் அணைந்துவிடும். மருமகன் நேரம் தெரியாத மணிக்கூடு கட்டியிருக்கிறார் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

றிபாத்துக்கு ரோசம் வந்துவிட்டது. எழுத்தை ஆகப் பெரிதாக்கினான். சீக்கிரம் அணையாதபடி மாற்றி வைத்தான். அன்றிலிருந்து மாமா கண்ணாடியும் போடாமல், பக்கத்தில் இருந்தபடியே பாங்கு நேரத்தைப் படித்துவிடுவார்.

இப்போதும் அது அணையவில்லை.

அரைக்கைச் சட்டை, இழுத்து மூடவும் வழியில்லை. தொடர்ந்து மூன்று முறை அசைந்தால் தொழுகை முறிந்துவிடும் என்று மதரஸாவில் ஓதியது ஞாபகம் வந்தது. அவனுக்கோ ஒருமுறை அசையவே பயமாக இருந்தது. அசைந்தால், பார்க்காத மனிதரும் பார்ப்பார்.

முன்னால் ஒரு ஸஃப், பின்னால் ஒரு ஸஃப் என்று வரிசையாக ஆட்கள். இமாமுக்கு அவசரமே இல்லை.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் வலது கையை எடுத்து வாட்சைப் பொத்தினான். சுட்டுவிரல் நீட்டியிருக்க வேண்டிய கை அது. யா அல்லாஹ், மன்னித்துக்கொள்.

தொழுகையை முடிக்கும் ஸலாம் வந்தது. வலப்பக்கம் திரும்பிவிட்டு இடப்பக்கம் திரும்பியபோது மாமாவும் இடப்பக்கம்தான் திரும்பியிருந்தார். நரைத்த பிடரியும் ஒரு காதும் தெரிந்தன. அதில் என்னத்தைக் கண்டுபிடிப்பது.

மாமா கையேந்தி துஆக் கேட்டார். முகத்தைத் தடவிக்கொண்டார். எல்லாம் வழக்கம்போலத்தான். அவர் பார்க்கவில்லை என்று றிபாத் மெல்ல நம்பத் தொடங்கினான். அல்ஹம்துலில்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லியும் விட்டான்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மாமா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி கொஞ்சம் பலமாக இருந்தது.

"அந்த எழுத்தச் சின்னனாக்கிப் போடுங்க மகன்," என்றார். "நான் பாத்திட்டன் எண்டு புள்ளைக்குத் தெரிய வாணாம்."



இருவரும் முற்றத்து வெயிலில் இறங்கியபோது வாட்ச் மறுபடி அதிர்ந்தது. திரை கறுத்துக் கிடந்தது. அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மாமா தன் உள்ளங்கையைக் குவித்து அதற்கு மேலே நிழலாகப் பிடித்தார்.

'வாப்பாக்கு ஒண்டும் தெரியாதானே?'

'தெரியா' என்று அவன் பதில் போட்டு முடிக்கும் வரைக்கும் அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.