மாமனார் காலுக்கு மூன்று வகை சூப்

மாமனாரின் கால் முறிந்ததற்காக மாப்பிள்ளை கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அதாவது, அந்தக் காலுக்கான எலும்பு சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் தண்ணீர் குடிக்கக்கூட அடுப்படிக்குள் போகாத மனிதர். டயர் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. அடுத்தவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்க அங்கே சம்பளம் கொடுத்தார்கள். வீட்டில் அதையே சம்பளமில்லாமல் செய்துவந்தார்.

இரண்டு நாள் தங்கிப்போக வந்த மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு மாப்பிள்ளையின் அறையிலேயே படுத்துவிட்டார். கட்டில் போச்சு, டி.வி. போச்சு. மாப்பிள்ளைக்குக் கூடத்து சோபாதான் கதி. காலை நீட்டினால் தலை தொங்கும்.

"கட்டு அவுத்த அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடுவேன் மாப்பிள்ளை" என்று பெரியவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த எலும்பு கூடினால்தான் தனக்கு விடிவு என்பது மாப்பிள்ளைக்குப் புரிந்தது.

"எலும்பு சூப் குடிச்சா சீக்கிரம் கூடுமாம்" என்று மனைவி பேச்சுவாக்கில் சொன்னாள். "எனக்குத்தான் அந்த வாடையே ஆகாது."

மாப்பிள்ளை வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். முதலில் குக்கர், ஒரு மணி நேரம். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "விசில் சத்தம் இருந்த அளவுக்குச் சத்து இல்ல" என்றார்.

அடுத்தது திறந்த சட்டியில், சின்னத் தீயில் எட்டு மணி நேரம். ஒரு கரண்டி வினிகர் விட்டு, நுரையை எடுத்து எடுத்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க அடுப்புக்குக் காவல் இருந்தார். "இது தேவலை. ஆனா கால் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார் பெரியவர்.

மூன்றாவது, எலும்பை ஓவனில் சிவக்க வாட்டிப் பிறகு கொதிக்கவைத்தது. ஃப்ரிட்ஜில் வைத்ததும் கட்டியாக உறைந்து தளதளவென்று ஆடியது. மாப்பிள்ளை அதை விரலால் தட்டித் தட்டிப் பார்த்துப் பூரித்தார். எந்த டயரையும் அவர் இவ்வளவு ஆசையாகத் தட்டியதில்லை.

"சட்டியில பிசுக்கு நின்னா அடுத்த சூப் கெட்டுடும்" என்றாள் மனைவி. கழுவினார். "தரை ஈரமா இருந்தா அப்பா மறுபடி விழுவார், அப்புறம் இன்னும் மூணு மாசம்" என்றாள். பதறிப்போய்த் துடைத்தார். அவள் நாற்காலியில் கால் நீட்டி வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரிடம் அப்பாவைக் கூட்டிப்போவதும் அவள்தான், மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில். "இன்னும் ரெண்டு வாரம் போகட்டும்ங்கறார்" என்று ஒவ்வொரு தடவையும் வந்து சொன்னாள்.

பெரியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். நடந்தே தேய்ந்த அவருடைய செருப்பு ஜோடி, மாப்பிள்ளை ஷூ விடும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஒரு மழை நாளில் அது இரண்டிலுமே ஈர மண் அப்பியிருந்தது. "கிழவர் செருப்புக்குக்கூட என் இடந்தான் கிடைச்சுதா" என்று முணுமுணுத்தபடி ஓரமாகத் தள்ளிவிட்டு, சூப்பைச் சுடவைக்கப் போனார்.

பத்தாவது வாரம் கறிக்கடையில் அருமையான மூட்டு எலும்பு கிடைத்தது. இதோடு காரியம் முடிந்தது என்று மாப்பிள்ளை அரைநாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தார். கதவு ஒருக்களித்திருந்தது.

கூடத்து சோபாவில், நீளவாக்கில் வெட்டிய மாவுக்கட்டு மட்டும் தனியாகப் படுத்திருந்தது. மாமனார் கையில் பையோடு, செருப்பு மாட்டிய இரண்டு கால்களிலும் திடமாக நின்றுகொண்டிருந்தார்.

"போதும்மா. டாக்டர் கட்ட அவுத்து விட்டே ஒரு மாசம் ஆச்சு. அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு இனிமே என்னால பொய்யா முனக முடியாது. நான் ஊருக்குக் கிளம்பறேன்."

மகள் பையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"இன்னும் பத்தே நாள் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்கப்பா. பாத்திரம் கழுவ வந்துடுச்சு, துணி துவைக்கத்தான் அவர் இன்னும் பழகல."